செவ்வாய்க்கிழமையைக் காணோம்

என்னைத் தேடி ஒரு கேஸ் வருகிறது என்றால், மற்ற துப்பறிவாளர்கள் எல்லாரும் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் அந்தப் பெண் போனில், "உங்களைத்தான் கூப்பிடணும்னு எங்க அண்ணன் குறிப்பா சொன்னார்" என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் பின்பக்கம் சாய்கிற நாற்காலி அது. சாய்ந்தது.

தரையில் கிடந்தபடியே, "உடனே வர்றோம்" என்றேன்.

"யாருடா?" என்றாள் சித்தி. தூக்கிவிட வரவில்லை.

சித்திதான் என் உதவியாளர். அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஒரு கூரியர் கம்பெனியில் காணாமல் போன பார்சல்களைத் தேடும் பிரிவில் இருந்தவள், அதை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்தாள். ஏன் என்று யாராவது கேட்டால், "காணாம போன பார்சல் மாதிரியே இருந்தான், பாவமா இருந்தது" என்பாள். எங்கள் வாசல் போர்டில் பெயிண்டர் 'துப்பு' என்று எழுதிவிட்டுப் பாதியில் போய்விட்டார். பக்கத்தில் 'கெட்டவன்' என்று எழுத இடம் இருப்பதைச் சித்தி தினமும் நினைவுபடுத்துவாள்.

அந்தப் பெண்ணின் ஆபீஸ் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே இரண்டே அறை. படியேறும்போதே கீழே பயிற்சியாளர் "கிளட்ச்! கிளட்ச்!" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். உள்ளே எங்கு பார்த்தாலும் செத்த கீபோர்டுகள், சுருட்டி வைத்த சார்ஜர் ஒயர்கள், இறக்கை இல்லாத ஒரு மேசை மின்விசிறி. அதை நகர்த்திவிட்டு உட்காரப் போனேன்.

"பார்த்து சார், எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்" என்று அதை வாங்கிப் பத்திரமாக வேறு இடத்தில் வைத்தார் அண்ணன். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இஸ்திரி கலையாத சட்டை, மைக் இல்லாமலே மைக் முன்னால் பேசுகிற குரல். கம்பெனிக்கு வாடிக்கையாளர்களைப் பிடித்து வருபவர் அவர். கம்பெனி விற்கிற கருவியைச் செய்தவள் அவருடைய தங்கை. எனக்குப் போன் செய்தவளும் அவள்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"நாங்க பேக்கப் கருவி செய்றோம். கம்ப்யூட்டர்ல இருக்கறதுக்கெல்லாம் காப்பி எடுத்து வெக்கற சாஃப்ட்வேர்" என்றாள் தங்கை. "ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள பல கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி பாவனை பண்ணி ஓட்டுவாங்க. விர்ச்சுவல் மெஷின்னு பேரு. தொட முடியாது, ஆனா வேலை செய்யும்."

"இவன் நேர்மாறு. தொடலாம்" என்றாள் சித்தி.

தங்கை சிரிக்கவில்லை. "அதோட டிஸ்க் ரொம்பப் பெரிசு. தினமும் முழுசா காப்பி எடுத்தா கட்டுப்படி ஆகாது. அதனால முதல் நாள் மட்டும் முழு காப்பி. அப்புறம் ஒவ்வொரு நாளும், நேத்திக்கு அப்புறம் எந்தெந்த இடம் மாறியிருக்கோ அதை மட்டும் எடுப்போம்."

நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் புரியாதபோது என் தலை நன்றாகவே ஆடும். அது தெரிந்த சித்தி குறுக்கே வந்தாள்.

"ஒரு வீட்டை முதல் நாள் முழுசா போட்டோ எடுத்துட்டு, அப்புறம் தினமும் எந்தச் சாமான் எங்கே நகர்ந்ததுன்னு மட்டும் சொல்ற மாதிரி. சரியா?"

"அதேதான்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"போன வெள்ளிக்கிழமை எங்க டிஸ்க் செத்துப் போச்சு" என்று தொடர்ந்தாள் தங்கை. "கருவியை நான் எழுதின மெஷினே அதுலதான் இருந்தது. அப்பவும் நான் பயப்படல. எங்க கருவியாலயே பேக்கப் எடுத்திருக்கோமேன்னு சிரிச்சுக்கிட்டே திரும்பக் கொண்டுவர ஆரம்பிச்சேன். போன மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வந்ததும் நின்னுடுச்சு. அந்த ஒரு நாள் காப்பியைக் காணோம். அதுக்கப்புறம் நான் செஞ்ச வேலை மொத்தமும் போச்சு."

"வேற எங்கேயும் காப்பி இல்லையா?" என்று கேட்டாள் சித்தி.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நாங்களே பேக்கப் கம்பெனி. நாங்க போய் இன்னொருத்தர்கிட்ட கொடுத்து வெச்சா நல்லாவா இருக்கும்?"

கீழே யாரோ எதன் மீதோ மெதுவாக மோதும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பார்க்க வர்றாங்க" என்றாள் தங்கை. "எங்க கருவி எங்களையே காப்பாத்தலைன்னா அவங்க நோயாளிங்களோட விவரத்தை எப்படி எங்ககிட்ட நம்பிக் கொடுப்பாங்க? அந்தக் காப்பி தானா போகல. அதே வாரம் வியாழக்கிழமை யாரோ எடுத்திருக்காங்க. யாருன்னு தெரியாது. மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்."

"மூணாவது ஆள் யாரு?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன்தான் சொன்னார்: "எங்க மாப்பிள்ளை. இவ வீட்டுக்காரர். அன்னைக்கு எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. அவருக்கு வேற கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. 'நான் இல்லாம இது எப்படி ஓடுதுன்னு பார்க்கறேன்'னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினார். நான் குறை சொல்லல சார். நடந்ததைச் சொல்றேன்."

"இப்போ எங்கே இருக்கார்?"

"ஃபிரெண்டு ரூம்ல" என்றாள் தங்கை, திரும்பாமலே. "நான்தான் போகச் சொன்னேன்."

பாஸ்வேர்ட், சண்டை, வேறு வேலை. கேஸ் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றினால் கேஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சித்தி சொல்வாள். படியிறங்கும்போது சொல்லவும் செய்தாள்.

மாப்பிள்ளை தங்கியிருந்த அறை ஒரு சலவைக் கடைக்குப் பின்னால், மாடியில் இருந்தது. சோப்பு வாசனை படிக்கட்டு வரை அடித்தது. தாடியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். தங்கை எழுதுகிற கருவியைத் தினமும் விதவிதமாக உடைத்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வது அவருடைய வேலை.

நான் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "அந்தச் செவ்வாய்க்கிழமையை நீங்கதானே எடுத்தீங்க?" என்றேன்.

"அவ அப்படிச் சொன்னாளா?"

"அவங்க அண்ணன் சொன்னார்."

"அவ என்ன சொன்னா?"

பதிலுக்காகச் சித்தியைப் பார்த்தேன். அவளிடம்கூட நக்கல் எதுவும் கைவசம் இல்லை.

"ஒண்ணும் சொல்லல. கண்ணு வீங்கியிருந்தது" என்றாள்.

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்க ரெண்டு பேருமே ஆபீஸ்ல இல்ல. எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அண்ணன் மட்டும் ஆபீசுக்குப் பக்கத்துத் தெரு பல் டாக்டர்கிட்ட கருவியைக் காட்டப் போனார். எனக்கு வேற வேலை கிடைச்சா சொல்லிட்டுத்தான் போவேன் சார். அழிச்சுட்டுப் போற ஆள் இல்ல நான்."

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். சித்தி பின்னால் உட்கார்ந்து எனக்கு வழி சொன்னாள். நேர் சாலையில்கூடச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு சித்தி, எடுத்தவன் கொஞ்சம் நல்லவன்தான். ஒரு நாளை மட்டும் எடுத்துட்டு மத்த நாளையெல்லாம் விட்டு வெச்சிருக்கான் பாரு."

"மத்த நாளை வெச்சு என்னடா பண்றது? மேசையை வேற ரூமுக்கு நகர்த்தினதைச் சொல்லாம, மேசை மேல இருந்த டம்ளர் உருண்டதை மட்டும் சொன்னா டம்ளரை எங்கே போய்த் தேடுவே? நடுவுல ஒரு நாள் போனா அதுக்குப் பின்னாடி எல்லாமே வீண்."

"அப்படியா?" என்றேன். உண்மையாகவே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வண்டியை நிறுத்து."

நிறுத்தினேன். பின்னால் வந்த பால் வேன்காரர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். சித்தி இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"நீயா இருந்தா எதை அழிச்சிருப்பே?"

"செவ்வாய்க்கிழமை நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா, செவ்வாய்க்கிழமையைத்தான். மத்ததை எதுக்குத் தொடணும்?"

சித்தி என் ஹெல்மெட்டின் மேல் கை வைத்தாள். "உன் மூளை முதல் தடவையா உபயோகப்பட்டிருக்கு. வேலை செஞ்சதுன்னு சொல்லல. கருவியைக் கெடுக்கணும்னு நினைச்சவன் முதல் நாள் முழு காப்பியைத் தூக்கியிருப்பான். இவன் ஒரு நாளை மறைக்கத்தான் பார்த்திருக்கான். அது மத்த நாளையும் சேர்த்துக் கவிழ்க்கும்னு அவனுக்குத் தெரியல. அதாவது, கருவி எப்படி ஓடுதுன்னே புரியாத ஆள். உன்னை மாதிரி."

"அந்தப் பொண்ணு அதைச் செஞ்சவ."

"அவ வீட்டுக்காரர் அதைத் தினமும் உடைச்சுப் பார்க்கறவர்."

"மிச்சம் அண்ணன். ஆனா ஊர் பூரா இதை விளக்கிப் பேசறவரே அவர்தானே?"

"பேச்சுக்கும் புரியறதுக்கும் சம்பந்தம் இருந்தா, நீ இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டே. ஏறு. பல் டாக்டர்கிட்ட போறோம். அன்னைக்கு என்ன நடந்ததுன்னு கேட்கணும்."

"என்ன சாக்கு சொல்லிக் கேட்கறது?"

சித்தி என் வாயை உற்றுப் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நான் ஒரு சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தேன். பல் டாக்டர் கண்டிப்பான அம்மாள். என் கடைவாயில் எதையோ சுரண்டிக்கொண்டே, "எவ்வளவு நாளா வலி?" என்றார். "ரொம்ப நாளா, எங்களுக்கு" என்றாள் சித்தி. பிறகு சுவர் ஓரம் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "பேக்கப் எல்லாம் ஒழுங்கா எடுக்கறீங்களா டாக்டர்? எங்க கடைக்கும் ஒண்ணு வாங்கணும்" என்று ஆரம்பித்தாள்.

"போன மாசம்தான் போட்டேன். ஒருத்தர் வந்து ரொம்ப அழகா விளக்கினார். முதல் நாள் முழு காப்பி எடுத்துட்டுப் போனார். மறுநாள் காட்ட வந்தப்போ மஞ்சள் விளக்கு எரிஞ்சு ஏதோ எச்சரிக்கை வந்தது. பழைய வெர்ஷன், புதுசு கொண்டுவர்றேன்னு ஆபீசுக்கு ஓடினார். திரும்பி வந்து போட்டதும் பச்சை. அன்னையிலிருந்து தினமும் பச்சைதான்."

"நடுவுல ஒரு நாள் காப்பி தொலைஞ்சு போனா?"

"அதையும் கேட்டேனே. அந்த ஒரு நாள் மட்டும்தான் போகும், மத்த நாளெல்லாம் பத்திரமா இருக்கும்னு சொன்னாரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆ! ஆ ஆ ஆ!" என்றேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று அர்த்தம். டாக்டருக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. "இவ்வளவு வலியை எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க?" என்று பரிவோடு ஊசியை எடுத்தார்.

ஒவ்வொரு துப்பறிவாளனுக்கும் ஒரு கனவு இருக்கும்: எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, மெதுவாக நடந்துகொண்டே குற்றவாளியை அறிவிப்பது. எனக்கு அது வாய்த்த ஒரே நாளில் வாய் பாதி மரத்துப் போயிருந்தது.

"குத்தவாழி இந்த அழையிலேயே இழுக்கார்" என்றேன்.

"குற்றவாளி இந்த அறையிலேயே இருக்கார்னு சொல்றான்" என்றாள் சித்தி. "எச்சிலைத் துடைச்சுக்கோடா."

நான் நடந்தேன். கால் சார்ஜர் ஒயரில் சிக்கியதால் நின்றேன். "நழுவுல ஒழு நாள் போனா..."

"போதும், நான் சொல்றேன்" என்று சித்தி தங்கை பக்கம் திரும்பினாள். "நடுவுல ஒரு நாள் காப்பி போனா என்னம்மா ஆகும்?"

"அதுக்கப்புறம் எதுவும் வராது. அது எங்க மூணு பேருக்கும் தெரியுமே."

"இப்போ தெரியும். போன மாசம் உங்க அண்ணன் பல் டாக்டர்கிட்ட, ஒரு நாள் போனா ஒரு நாள்தான் போகும்னு சொல்லியிருக்கார்."

தங்கை மெதுவாக அண்ணனைப் பார்த்தாள். அவர் மைக் குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மஞ்சள் எரிஞ்சதும்மா" என்றார். "டாக்டரம்மா முன்னாடி. 'எது மாறியதென்று உறுதியாகத் தெரியவில்லை, முழு காப்பி மீண்டும் எடுக்கவும்'னு வந்தது. எனக்கு மானமே போச்சு. நீயும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில இருந்தீங்க. இங்கே வந்து உன் மெஷின்ல அந்த வரியைத் தேடி, 'பேக்கப் முடிந்தது'ன்னு மாத்திப் பச்சையாக்கிட்டேன். புது வெர்ஷன் எடுக்க எந்தப் பட்டனை அழுத்தணும்னு நீதான் ஒரு தடவை காட்டியிருந்தே. மறுநாளே பழையபடி மாத்தி வெச்சுட்டேன். ஆனா அதுக்குள்ள செவ்வாய்க்கிழமை காப்பியில அது பதிஞ்சு போச்சு. நீ பார்த்துடுவியேன்னு..."

"அன்னைக்குக் காலையில அவங்க கிளினிக்ல கரண்ட் போயிருக்கும்" என்றாள் தங்கை. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. "மெஷின் திடீர்னு நின்னா, எந்த இடம் மாறிச்சுன்னு குறிச்சு வெச்சதை நம்பக் கூடாது. நம்பாதேன்னு சொல்லத்தான் அந்த மஞ்சள். அதைச் சரியா வரவழைக்க நான் எத்தனை நாள் தூங்காம உட்கார்ந்தேன் தெரியுமா? அது குறை இல்லண்ணா. அதுக்காகத்தான் இந்தக் கருவியே."

பிறகு அவளுக்கு இன்னொன்று உறைத்தது. எழுந்தே விட்டாள். "டாக்டர்கிட்ட இருக்கறது அந்த வெர்ஷன்தானே? இப்பவும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். "நீயே பேசு."

அவர் பேசினார். துப்பறிய வந்த எங்களைப் பற்றியும் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பூசி மெழுகவில்லை. எதிர்முனையில் சுழன்றுகொண்டிருந்த ஏதோ இயந்திரம் நின்றது.

"அப்போ நான் தினமும் பார்க்கற பச்சை?"

"அது நான் எழுதினது டாக்டர்."

"என் நோயாளிங்க எக்ஸ்ரே எல்லாம்?"

"உங்க மெஷின் நல்லா ஓடிட்டு இருக்கறதால எதுவும் போகல. தயவுசெஞ்சு அதை அணைக்காதீங்க. என் தங்கை இங்கிருந்தே இப்போ முழு காப்பி எடுத்துடுவா."

"அவங்க எடுக்கட்டும். நீங்க தொடாதீங்க" என்றார் டாக்டர். போனை வைக்குமுன், "நான் ஊசி போட்ட அந்த மனுஷர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னை விசாரித்த ஒரே ஆள்.

தங்கை தன் மேசையில் உட்கார்ந்து டாக்டரின் மெஷினில் முழு காப்பியை ஓடவிட்டாள். ஓடத் தொடங்கியதும்தான் மூச்சு விட்டாள். "ஆனா நம்ம வேலை போனது போனதுதான். அந்தச் செவ்வாய் இல்லாம எதையும் கொண்டுவர முடியாது."

நான் இறக்கை இல்லாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாததால்தான் பார்த்தேன். பார்த்ததும் ஒரு கேள்வி வந்தது.

"அழிச்தீங்களா, எழுத்து வெச்தீங்களா?"

அழித்தாரா, எடுத்து வைத்தாரா என்பதுதான் கேள்வி. சித்தி மொழிபெயர்க்கவில்லை. அவளே ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள்.

அண்ணனுக்குப் புரிந்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, சார்ஜர் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். உள்ளே ஒரு பென் டிரைவ். "அழிக்க மனசு வரல. எதுக்கும் இருக்கட்டும்னு..."

தங்கை அதை உடனே வாங்கவில்லை. "டிஸ்க் போனப்பவே ஏன் கொடுக்கல?"

"எங்கிருந்து வந்ததுன்னு கேப்பியே. ஆஸ்பத்திரிக்காரங்க வர்றதுக்கு முன்னாடி, எங்கேயோ கிடைச்ச மாதிரி கொடுத்துடலாம்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் என் புருஷன் திருடனா இருக்கட்டும்னு விட்டியா?"

அவர் கண்ணாடிக் கூட்டை மேசையில் வைத்துவிட்டு மூலைக்குப் போய் நின்றார்.

அவள் பென் டிரைவைச் செருகினாள். செவ்வாய்க்கிழமை வந்தது. அடுத்து புதன் வந்தது. பிறகு மற்ற நாட்களும் தம் பாட்டுக்கு வரிசையில் வந்து சேர்ந்தன. அவள் முகத்தில் சிரிப்பு மட்டும் வரவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் சித்தி அண்ணனிடம். "தப்பு பண்ணினது நீங்க. அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிடச் சொன்னீங்க?"

"தங்கச்சி யாரையாவது கூப்பிட்டே தீருவேன்னு சொன்னா. நெட்ல தேடிப் பார்த்தேன். இவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்னு நிறைய பேர் எழுதியிருந்தாங்க."

"நிறைய பேழா?" என்றேன்.

"அதுல ஒண்ணு நான் எழுதினது" என்றாள் சித்தி.

சாயந்திரம் சலவைக் கடை வாசலில் தங்கை தன் வண்டியை நிறுத்திவிட்டுப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களும் வாங்க சார். நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பார்" என்றாள். சித்தி கீழேயே நின்றுகொண்டாள். "நீ போ. வாய் மரத்திருக்கு, உளற மாட்டே."

கதவு திறந்தே இருந்தது. மாப்பிள்ளை தாடியை மழித்திருந்தார். தரையில் போர்வையை விரித்து ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தங்கை நடந்ததையெல்லாம் நின்றுகொண்டே சொன்னாள். நான் தேவைப்பட்ட இடங்களில் தலையாட்டினேன். இந்தத் தடவை புரிந்துதான் ஆட்டினேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான்தான்னு நம்பினியா?"

இல்லை என்று சொல்லிவிடேன் என்று எனக்குள் கெஞ்சினேன். எனக்கே அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

"நம்பினேன்" என்றாள் அவள்.

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார். "நாளைக்கு அந்தக் கம்பெனியில இன்டர்வியூ. நான் போகத்தான் போறேன்."

"போ."

"அண்ணனோட இனிமே ஒரே ரூம்ல உட்கார முடியாது."

"எனக்கும்தான் எப்படின்னு தெரியல" என்றாள். பிறகு குனிந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "காலர் சுருங்கியிருக்கு. இதைப் போட்டுக்கிட்டா போகப் போறே? நகரு."

அவர் நகர்ந்தார். அவள் போர்வையில் உட்கார்ந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். அவர் தண்ணீர் தெளிக்க டம்ளரை எடுத்துக்கொண்டு வரும் வழியில் என்னைப் பார்த்தார். நான் அங்கே இருப்பது இரண்டு பேருக்குமே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் மரியாதையாகத்தான் கதவைச் சாத்தினார்.

நான் படியின் உச்சியில் நின்றேன். கீழேயிருந்து சித்தி கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"என்னடா ஆச்சு?"

"தெழியல சித்தி."

"துப்பறியறவன்தானே நீ?"

"கதவைச் சாத்திட்டாங்க."

"அப்போ சரியாத்தான் போயிட்டிருக்கு" என்றாள் சித்தி. "இறங்கி வா. பார்த்து இறங்கு, கடைசிப் படி உடைஞ்சிருக்கு."

இல்லை. உடைந்திருந்தது கடைசிக்கு முந்தின படி.